வெறும் வகிடு

கொல்கத்தாவிலிருந்து சுந்தரவனத்துக்கு மாற்றலாகி வந்திருந்த ஆசிரியை சுதேஷ்ணா, கணக்கெடுப்புத் தாளுடன் அந்த வீட்டு வாசலில் நின்றாள். எதிரே நின்ற தாபசிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வெள்ளைச் சேலை. வகிட்டில் குங்குமம் இல்லை, கையில் மணமான பெண்கள் போடும் சங்கு வளையலும் இல்லை. தலை எண்ணெய் கண்டு பல நாளாகியிருந்தது.

"வீட்டுக்காரர்..." என்று இழுத்தாள் சுதேஷ்ணா.

"தேனெடுக்கப் புலிக் காட்டுக்குப் போனாரு, தீதி." தாபசி தலையைக் குனிந்துகொண்டாள்.

சுதேஷ்ணா குரலைத் தாழ்த்தினாள். "விதவைன்னு எழுதிக்கட்டுமாம்மா?"

"எழுதிக்கோ, எழுதிக்கோ! நல்லாப் பெருசா எழுது!" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

இப்படியும் ஒரு மாமியாரா என்று பல்லைக் கடித்தபடி எழுதினாள் சுதேஷ்ணா.

அப்போது ஆற்றுப் பக்கம் ஆரவாரம் கேட்டது. தோளில் தேன் டின்னுடன் ஒருவன் கரையேறி வந்தான்.

"நிதாய் வந்துட்டான்!" என்று மாமியார் குங்குமச் சிமிழும் வளையலுமாக ஓடிவந்தாள். தாபசி அழுதாள், உடனே சிரித்தாள்.

"இவர் யாரு?" என்று திகைத்தாள் சுதேஷ்ணா.

"என் வீட்டுக்காரர், தீதி. இவர் காட்டுல இருக்கிற வரைக்கும் நான் இப்படித்தான். ஏற்கெனவே குங்குமம் அழிஞ்ச வீட்டுக்கு எமன் எதுக்கு வரப்போறான்?"

நிதாய் தாளை எட்டிப் பார்த்தான். "அடிப்பாவி, இந்தத் தடவை கவர்மெண்டையும் கூட்டு சேர்த்துட்டியா?"

சுதேஷ்ணா அசடு வழிய, எழுதியதை அடிக்கப் போனாள்.

"ரொம்ப அழுத்தி அடிக்காதீங்க, தீதி" என்றாள் தாபசி. "அடுத்த வாரம் மறுபடியும் போறாரு."