கீழ் வீட்டு வாலு

"வந்துட்டாளா மறுபடியும்!"

காலிங்பெல் அடித்த விதத்திலேயே ஆர்ட்டிஸ்டுக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை அடித்து நிறுத்தினால் கூரியர். விடாமல் அடித்தால் கீழ் வீட்டு வாலு.

"அங்கிள், பட்டு எங்க?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடினாள்.

பட்டு அவருடைய ஒரே மகள். இரண்டு பேருக்கும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து காலையில் வந்தால் இருட்டும்வரை வாலுவுக்கு மாடிதான் வீடு.

ஆர்ட்டிஸ்டுக்கோ ஹால்தான் பட்டறை. குழந்தைகள் நாடகம் ஒன்றுக்காக மிருக முகமூடிகள் செய்துகொண்டிருந்தார். பழைய பேப்பரைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். கீற்றெல்லாம் பறந்துவிடும் என்பதால், வெயில் கொளுத்தினாலும் ஃபேன் கிடையாது. அந்தப் புழுக்கத்தில் யானைக்குத் தும்பிக்கை நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அங்கிள், இது யானையா, பன்னியா?" என்றாள் வாலு.

பட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆர்ட்டிஸ்ட் முறைத்தார்.

மத்தியானம் அது நடந்தேவிட்டது. வாலு ஓடிய ஓட்டத்தில் பசை வாளி கவிழ்ந்தது. காயவைத்திருந்த சிங்கத்தின் முகம் ஊறிச் சப்பையாகிவிட்டது.

அவ்வளவுதான். வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கினார்.

கதவைத் திறந்தவள் வாலுவின் அம்மா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து படுத்தவள். கண் சிவந்திருந்தது.

"ஏம்மா, நீங்க நிம்மதியா தூங்க என் வீடுதான் கிடைச்சுதா? வீட்ல உக்காந்து வேலை பாக்கறவன்னா வெட்டிப்பயன்னு நெனப்பா? பெத்த பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அதற்குள் எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவருக்குப் பின்னால், படிக்கட்டில் பட்டு வந்து நிற்பதைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"தப்புதாண்ணா. இனிமே வர மாட்டா."

மறுநாளிலிருந்து வீடு அமைதியானது. தும்பிக்கைகூட ஒருவழியாக நின்றுவிட்டது. பட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தன் பாட்டுக்கு ஏதாவது வரைந்துகொண்டிருந்தாள். தொந்தரவே இல்லை.

ஆனால் எதிர் வீட்டம்மா சும்மா இருப்பாளா? ஆபீஸிலிருந்து வந்த அவர் மனைவியைப் படிக்கட்டிலேயே பிடித்து, ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். உள்ளே வந்ததும் மனைவி ஆரம்பித்தாள்.

"ராத்திரி பூரா நோயாளிங்களோட கண்ணு முழிச்சுட்டு வந்தவ. அவளைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியாதான்னு கேட்டீங்களா? எப்படிங்க வாய் வந்துச்சு?"

"என் சிங்கம் போச்சேடி!"

"சிங்கத்தை மறுபடி செஞ்சுக்கலாம்."

தான் பேசியதை இன்னொருவர் வாயால் கேட்கும்போதுதான் அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்தது.

அதன்பிறகு கடைக்குப் போகக்கூட, படிக்கட்டில் ஆள் இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அப்படியும் ஒருநாள் நர்ஸ் எதிரே வந்துவிட்டாள். செல்போனைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். அவளோ, "கடைக்காண்ணா?" என்று எப்போதும்போல் சிரித்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அன்றே உட்கார்ந்து வாலுவுக்கென்று ஒரு குரங்கு முகமூடி செய்தார். காய்ந்ததும் எடுத்துக்கொண்டு கீழே போனார். ஒரே ஒருமுறை பெல் அடித்துவிட்டு நின்றார்.

"வாலு இல்லையாம்மா?"

"சித்தி வீட்டுக்குப் போயிருக்காண்ணா. லீவு முடிஞ்சுதான் வருவா."

"என்னாலதானே? அன்னிக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்குங்க. வந்ததும் மேல அனுப்புங்க. எத்தனை வாளி வேணும்னாலும் கவிழ்க்கட்டும்."

"ஐயோ, உங்களால இல்லண்ணா. லீவு விட்ட அன்னிக்கே போக வேண்டியவதான். பெட்டிகூடக் கட்டியாச்சு. அங்க அவ வயசுப் பிள்ளைங்க இருக்காங்க. நீச்சல் கிளாஸ்ல வேற சேர்த்து விடறேன்னா என் தங்கச்சி..." சட்டென்று நிறுத்தினாள்.

"அப்புறம் ஏன் போகல?"

"அதை விடுங்கண்ணா."

"பரவாயில்ல, சொல்லுங்கம்மா."

நர்ஸ் தயங்கினாள். முகமூடியை வாங்கிக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பட்டுவை ஒண்ணும் கேட்கக் கூடாது. சரியா? அவதான் பெட்டியைப் பார்த்துட்டு அழுதா. 'வாலுவை அனுப்பாதீங்க ஆன்ட்டி, லீவு பூரா நான் தனியா இருக்கணும்'னு. உடனே இவளும், நான் போகலம்மான்னு உக்காந்துட்டா."

"தனியாவா? நான் நாள் முழுக்க வீட்லயேதானே இருக்கேன்!"

"நானும் அதைத்தாண்ணா சொன்னேன். அப்பா இருக்காரே கண்ணுன்னு."

"அதுக்கு என்ன சொன்னா?"

நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"'நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அப்பா நிமிர மாட்டாரு ஆன்ட்டி. வாலு வந்தா, திட்டறதுக்காவது நிமிர்ந்து பாப்பாரு'ன்னா."