உச்சி வரைக்கும் பைப்பு

"இந்த வீட்ல தினமும் அடுப்பு ஊதறது யாருங்க?"

புகைக்கூண்டுக்குள் தலையை விட்டபடியே கொத்தனார் வைத்தியலிங்கம் கேட்டார். ராஜாத்திக்குச் சுருக்கென்றது. அடுப்பு வைக்க வந்த ஆளுக்கு, அதை யார் ஊதினால் என்ன?

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதாங்க. மூத்த மருமகளுங்களா?"

மூத்த மருமகளாம். இளைய மருமகள் இன்னும் வரவே இல்லை. இரண்டாவது பையனுக்குப் பெண் தேடுவது இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? ராஜாத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

பட்ட அனுபவம் அப்படி. போன வருடம் சின்னவன் பிரபுவுக்குப் பூதலூரில் ஓர் இடம் முடியப்போகிற நேரத்தில், தேங்காய் வாங்க வந்தவன் போல ஒருத்தன் வந்து கொல்லை, சமையல்கட்டு என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனான். மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. பத்துப் பொருத்தமும் இருந்த ஜாதகம். அந்த வீட்டு மருமகள் புகையில் கிடந்து இருமுகிறாள் என்று அவன் போய்ச் சொன்னது, பிறகு தரகர் சொல்லித்தான் தெரிந்தது.

பெண் கொடுப்பவர்கள் ரகசியமாக ஆள் விட்டு விசாரிப்பது ஊர் உலகத்தில் நடப்பதுதான். தன் மகளைக் கட்டிக்கொடுக்குமுன் ராஜாத்தியும் அப்படி ஆள் அனுப்பியவள்தான். அதைத் தன் வீட்டுக்கே செய்தபோதுதான் வயிறு எரிந்தது.

இப்போது மயிலாடுதுறையில் ஓர் இடம். பெண் நர்ஸ். இதுவும் தட்டிப்போனால் பிரபுவுக்கு முப்பத்து நாலாகிவிடும். அப்புறம் எவன் பெண் கொடுப்பான்?

அந்தப் பயத்தில்தான் இந்த இரும்பு விறகடுப்பே வீட்டுக்கு வந்தது. பழைய செங்கல் கூண்டின் வாயில் அதை நிறுத்தி, முழ நீளத்துக்கு ஒரு பைப்பைச் செருகிவிட்டால் போதும் என்று ராஜாத்தி நினைத்திருந்தாள். கேஸ் காபிக்கு மட்டும்தான். சோறு, குழம்பெல்லாம் விறகில்தான். அதில் மட்டும் அவள் மாறுவதாக இல்லை.

வைத்தியலிங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. கூண்டு முழுக்க வெடிப்பு, அரைகுறையாக வைத்தால் புகை திரும்ப வீட்டுக்குள்தான் வரும், பைப்பு கூண்டுக்குள்ளேயே உச்சி வரைக்கும் போக வேண்டும் என்றார். தண்டச்செலவு என்று சொல்ல ராஜாத்தி வாயைத் திறந்தாள்.

"மயிலாடுதுறைப் பக்கமெல்லாம் இப்ப இப்படித்தாங்க வைக்கிறாங்க" என்றார் அவர்.

ராஜாத்தி திறந்த வாயை மூடினாள். சந்தேகமே இல்லை, இவன் அந்த வீட்டு ஆள்தான்.

"உச்சி வரைக்குமே போட்டுடுங்க" என்றாள்.

வேலை மூன்று நாள் நடந்தது. மொட்டை மாடியிலிருந்து ஸ்டீல் பைப்பைத் துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கினார், ஒன்றோடொன்று மாட்டினார், மழைத் தண்ணீர் இறங்காமல் மேலே தொப்பி வைத்தார். வேலைக்கு நடுவே கேள்வி மட்டும் ஓயவில்லை. மதியம் மூன்று மணிக்கு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, மருமகள் சாப்பிட்டாச்சா என்றார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுவதுதான் வானதிக்கு ஐந்து வருடப் பழக்கம். ராஜாத்தி அவசரமாக அவளுக்கு இலை போட்டாள்.

"நீ முதல்ல உக்காந்து சாப்பிடும்மா."

அந்த 'ம்மா' யாருக்கு என்று வானதி திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் அவள் இருமியபோது அடுத்த கேள்வி வந்தது. "ரொம்ப நாளா இருக்கும்போலருக்கே. டாக்டர்கிட்ட காட்டலீங்களா?"

நாளைக்குத் தஞ்சாவூர் போகிறோம் என்று ராஜாத்தி வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள். சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? காலை பஸ்ஸில் கூட்டிப் போனாள். டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இன்னும் ஒரு வருடம் புகையில் உட்கார்ந்தால் மூச்சு விடுவதே கஷ்டமாகிவிடும் என்றார். ராஜாத்திக்கு அப்போது நிஜமாகவே பயமாக இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் பெரியவன் கேட்டால் என்ன பதில் சொல்வது? வருகிற வழியில் மருமகளுக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். புகை அத்தனையும் பைப்பில் ஏறி வானத்துக்குப் போனது. சமையல்கட்டில் கண் எரிச்சல்கூட இல்லை.

"இனிமே காலையில அடுப்பு நான் பாத்துக்குறேன். அவ ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றாள் ராஜாத்தி, அவர் காதில் விழும்படி.

"கேட்டா சந்தோஷப்படுவாங்க."

"யாரு?"

"பொதுவா சொன்னேங்க."

சம்பந்தி வீட்டு ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ராஜாத்தி அரிவாளை எடுத்துக்கொண்டு, வாழைத்தார் வெட்டக் கொல்லைக்கு ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் வைத்தியலிங்கம் வானதியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஃபோன்ல நீங்க சொல்லிக் குடுத்த கேள்வி அத்தனையும் கேட்டுட்டேன் தங்கச்சி. மயிலாடுதுறையில எந்தத் தெருன்னு அம்மா கேட்டிருந்தா மாட்டியிருப்பேன். நான் அந்த ஊருக்குப் போனதே இல்ல."

வானதி கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"மிக்ஸியும் ரிப்பேர்தாண்ணே. உங்கள மாதிரியே கேள்வி கேக்கத் தெரிஞ்ச மெக்கானிக் யாராவது இருந்தா அனுப்பி வைங்க."