டிஸ்கின் பழைய பெயர்

ஹார்டு டிஸ்கை ஃபார்மட் செய்யும்முன் கம்ப்யூட்டர் அதன் பழைய பெயரைக் கேட்கும். கைதவறி எதையும் அழித்துவிடாமல் இருக்க அப்படியொரு பூட்டு. புது டிஸ்க்குக்குப் பெயர் கிடையாது, எண்டர் தட்டினால் போதும். 1997இல், காரைக்குடியில் எங்கள் டிடிபி கடையில், அப்போதுதான் சீல் உடைத்த புது டிஸ்க்குக்கு எண்டர் தட்டினேன். பெயர் தவறு என்றது.

“பழசை நம்ம தலையில கட்டிட்டாக,” என்றாள் என் மனைவி ஷீலா. அவளுக்கு ஏழாம் மாதம்.

விற்றவர் பெயரை அடித்தேன். தவறு.

“நம்ம பிள்ளை பேரைப் போடுங்க,” என்று சிரித்தாள். ஞானஸ்நானம்வரை யாருக்கும் சொல்வதில்லை என்று நாங்கள் இருவரும் மறைத்துவைத்திருந்த பெயர் அது.

பெல்சி என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது. உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது.

“எல்லா டிஸ்க்குக்கும் இப்படித்தான் கேட்கும்,” என்று விளக்கியபடி கீபோர்டில் கைவைத்தேன்.

ஷீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“கையை எடுங்க.”