முகம் நன்றாகத் தெரியணும்

பத்திரிகை அலுவலக வாசலில் ஓர் அம்மாள் வழிமறித்ததும் புகைப்படக்காரன் கேமராவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கலவரப் படங்கள் வெளியானதிலிருந்து இப்படித்தான். முகம் தெரிந்துவிட்டதே என்று யாராவது சண்டைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

“இன்னிக்கு வந்த படத்துல ஓரமா நிக்கிறது என் மகன். முழுப் படமும் உங்ககிட்ட இருக்கா தம்பி?”

“இருக்கும்மா. கோவப்படாதீங்க, உங்க கண் முன்னாடியே அழிச்சிடறேன். போலீஸ் கையில சிக்காது.”

கேமராவில் படத்தைத் தேடி எடுத்து, அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தான். அந்த அம்மாள் பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, அழிச்சிடாதீங்க! நாலு நாளா ஸ்டேஷன் ஸ்டேஷனா அலையறேன். உன் பையனை நாங்க பிடிக்கவே இல்லைன்னு சாதிக்கிறாங்க. பேப்பர்ல ஓரத்தை வெட்டிட்டீங்க. அவன் தோள் மேல ஒரு கை இருக்கே, அது யாருதுன்னு பாருங்க.”

அவன் படத்தைப் பெரிதாக்கினான். சீருடை அணிந்த கை. பின்னால் கதவு திறந்த போலீஸ் வேன். அதன் நம்பர்கூடத் தெளிவாக இருந்தது.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு முதல் பக்கத்துல பெரிசாப் போடுங்க தம்பி. என் பையன் முகம் நல்லாத் தெரியணும்.”