நெடி வராத மிளகாய்

காய்ச்சலில் கிடந்த செண்பகவல்லிக்கு நாகசுந்தரம் அன்றுதான் முதன்முதலாகச் சுற்றிப்போட்டான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததும் அன்றுதான். உப்பும் மிளகாய் வற்றலும் மூடிய அவன் கை, தூக்கத்தில் நடப்பதுபோல அவளை மூன்று முறை சுற்றி வந்தது. அடுப்பில் போட்டதும் நெடி வீட்டை நிறைத்தது. "கண்ணு இல்ல, வெறும் காய்ச்சல்தான்" என்று இருமிக்கொண்டே மண்டிக்குக் கிளம்பிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "உடம்பு என்னமோ போல இருக்கு" என்றாள். வீட்டிலிருந்த குண்டு மிளகாயை ஒளித்துவிட்டு, குழம்பில் நிறத்துக்கு மட்டும் போடும் காஷ்மீர் மிளகாயை அவன் கையில் வைத்து மூடினாள். அடுப்பில் புகை மட்டும் எழுந்தது. யாரும் இருமவில்லை.

"பெரிய கண்ணால்ல இருக்கு. அடுத்த வாரமும் சுத்தணும்" என்றான்.

இப்படியே பதினோரு வாரம். அவன் கை சுற்றும்போது வீடே மெல்லச் சுழல்வதாக இருக்கும் அவளுக்கு.

பன்னிரண்டாம் வாரம்தான், மிளகாய் மாறியதை அவன் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயம் அவளுக்கு வந்தது. இருபது வருடமாக மிளகாய் மண்டியில் நிற்கிறவன் அவன். கண்ணை மூடிக்கொண்டு, காதோரம் குலுக்கியே ரகம் சொல்லிவிடுவான். குண்டு மிளகாயென்றால் உள்ளே விதை சலங்கைபோலக் குலுங்கும்.

அன்று உப்பை எடுக்குமுன், மிளகாயைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினான். ஒரு சத்தமும் இல்லை.

"நல்ல காரமான காய்தான்" என்றான். "கிழக்க பாத்து உக்காரு."