செவ்வாயில் ஏற்றிய கற்பூரம்

செவ்வாய்க் கிரகத்தில் நிரந்தரமாகக் குடியிருக்க வீட்டுச் சோதனை ஒன்றுதான் பாக்கி. வீட்டுக்குள் நெருப்பைக் கண்டால் அடுத்த கப்பலிலேயே பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். ஆய்வாளர் தானப்பன் குளியலறைக் குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் கோமதி கற்பூரம் ஏற்றிவிட்டாள்.

“ஏட்டி, ஊதி அணை! அந்தாளு வர்றாரு!” கணவன் பிச்சுமணி கிசுகிசுத்தான்.

“கற்பூரத்தை யாராவது ஊதி அணைப்பாங்களா? நல்ல நேரம் முடிய ரெண்டே நிமிஷம். சும்மா இருங்க.”

ஆய்வாளர் வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார். பிச்சுமணியைப் பார்த்தார். கோமதி வழக்கம்போலத் தட்டை அவரிடமும் நீட்டினாள்.

செவ்வாயில் பதினோரு வருடமாக நெருப்பையே காணாத அவர் கைகள் தாமாக நீண்டு, சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டன.

“திருநீறு இல்லையாம்மா?” என்றார் ஆய்வாளர்.