பெரிய மாப்பிள்ளையின் ஜெபம்

ஒரு முக்கியமான அறிவிப்பு. கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நம் சபைச் செயலாளரின் மாமியார் அவர்களுக்கு இன்று காலை மிகப் பெரிய அறுவைச் சிகிச்சை ஒன்று நடைபெற இருக்கிறது. சபையார் அனைவரும் அவரவர் இருக்கும் இடத்திலேயே முழங்காலில் நின்று மன்றாடும்படி அன்போடு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இதைப் பேசிப் பதிவு செய்து சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியவர் செயலாளரேதான். ஆஸ்பத்திரி அறையின் ஜன்னலோரம் நின்று, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேடையில் பேசுகிற அதே குரலில்.

பச்சைக் கவுனோடு கட்டிலில் கிடந்த மாமியாருக்கு அதைக் கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

"ஏன் மாப்பிள்ளை, டாக்டர் சின்னதுன்னுதானே சொன்னார்?"

"சின்னதுன்னு போட்டா யாரும் முழங்கால் போட மாட்டாங்க அத்தை."

செயலாளர் கையில் பல கமிட்டிகள். கட்டடக் கமிட்டி, விருந்துக் கமிட்டி, ஒலிபெருக்கிக் கமிட்டி. இந்தக் கமிட்டிகள் எல்லாம் ஒழுங்காகக் கூடுகின்றனவா என்று பார்க்க இன்னொரு கமிட்டி. அன்று காலை காரில் வரும் வழியெல்லாம் மனைவி ஏதோ விளக்கிக்கொண்டே வந்தாள். விருந்துக் கமிட்டி லைனில் இருந்தது. அவர் "ம், ம்" என்று இரண்டு தரப்புக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தார்.

வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது.

ஜெபம் பண்ணி அனுப்ப வேண்டிய நேரம். செயலாளர் போனைச் சட்டைப்பையில் போட்டார். கண்ணாடியைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். முன்னுரை, மூன்று பகுதிகள், முடிவில் கொஞ்சம் குரல் உடைவது, எல்லாம் தயார். மூத்த மாப்பிள்ளை நிற்கும்போது வேறு யார் ஜெபிப்பது?

சட்டைப்பைக்குள் போன் அடித்தது.

மாமியார் ஊசி குத்திய கையைத் தூக்கினார். அந்தக் கை செயலாளரைத் தாண்டிப் போனது.

"சின்ன மாப்பிள்ளை ஜெபம் பண்ணட்டும். பெரியவருக்கு ஆயிரம் வேலை, பாவம்."

"ஆண்டவரே கூப்பிட்டாலும் இவருக்கு லைன் பிஸிதாம்மா" என்றாள் மனைவி.

நர்ஸ்கூடச் சிரித்தாள்.

சின்ன மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மாமியாரின் இளைய மகளைக் கட்டியவர், செயலாளருக்குச் சகலை. அதுவரை மூலையில், இருப்பதே தெரியாமல் நின்றிருந்தார். சபையில் அவருக்கு ஒரு பதவி கிடையாது. நாற்காலி அடுக்கும் கமிட்டிக்குக் கூப்பிட்டபோதுகூட, "கமிட்டி எதுக்குண்ணே, அடுக்கிட்டாப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே அத்தனையையும் அடுக்கிவிட்டுப் போனவர்.

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகும் கண்ணை மூடியபடி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். தூங்குகிறாரோ என்று செயலாளர் ஒருமுறை பக்கத்தில் போய்க் குனிந்தே பார்த்துவிட்டார்.

தூங்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்புறம் அந்த பேண்ட். முட்டி வெளுத்த பேண்ட். லிஃப்ட் குழிக்குள் மண்டியிட்டு வெளுத்ததா, வீட்டில் மண்டியிட்டு வெளுத்ததா என்று அந்த ஆள் சொன்னதேயில்லை. சொல்லாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தற்பெருமை என்பது செயலாளரின் தீர்மானம். வழிமொழியத்தான் ஆள் கிடைக்கவில்லை.

சகலை கட்டிலோரம் மண்டியிட்டு, மாமியாரின் காதருகே குனிந்து, ஏதோ சொன்னார்.

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்குள் முடிந்தும்விட்டது. ஸ்தோத்திரம் இல்லை, வசனம் இல்லை, சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு புத்திமதி இல்லை. இதெல்லாம் ஒரு ஜெபமா?

ஆனால் மாமியாரின் நெற்றிச் சுருக்கம் விரிந்திருந்தது. "போகலாம்மா" என்று அவரே நர்ஸிடம் சொன்னார், ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி.

செயலாளர் சகலையின் வெளுத்த முட்டியையே முறைத்துப் பார்த்தார். பரலோகத்தின் நேரடி நம்பர் இந்த ஆளிடம் இருக்கிறது. சபைக்காக ராப்பகலாய் ஓடுகிற தன்னிடம் ரிசப்ஷன் நம்பர்கூட இல்லை.

எல்லோரும் ஸ்ட்ரெச்சரின் பின்னால் போனார்கள். அவர் போகவில்லை.

கதவைச் சாத்தினார். போனை அணைத்தார். இதற்கு முன் எப்போது அணைத்தோம் என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. காலிக் கட்டிலின் ஓரம், சகலை மண்டியிட்ட அதே இடத்தில் மண்டியிட்டார். முட்டி சொடுக்கியது. பழக்கமில்லாத முட்டி.

தன்னாலும் முடியும். ஆமென் சொல்ல ஆளில்லாமலே முடியும். அவனைவிட நன்றாகவே முடியும்.

சர்வ வல்லமையும், மகா இரக்கமும், எண்ணிமுடியாத நன்மைகளும் வழக்கம்போல வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார். அதெல்லாம் மைக்குக்கு. இப்போது அவனை மாதிரியே, நேராக, வீட்டில் பேசுகிற பேச்சில், ஒரே ஒரு காரியம். கேட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

கண்ணை மூடினார்.

அறை அமைதியாக இருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு, நிஜமாகவே யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லப்பா என்று காத்திருப்பது போலிருந்தது. எரிச்சலெல்லாம் எங்கேயோ போய்விட்டது. குரல் தானாகவே உடைந்தது.

"ஆண்டவரே, அத்தைக்கு இன்னிக்கு..."

நின்றார்.

என்ன ஆபரேஷன் என்று அவருக்குத் தெரியாது.